ஒரே இடத்துப் புண், இரு வேறு நோய்கள்: குரோன் நோயும் குடல் காசநோயும்

பல மாதங்களாக நீடிக்கும் வயிற்றுவலி, விட்டுவிட்டு வரும் வயிற்றுப்போக்கு, காரணம் புலப்படாத உடல் மெலிவு ஆகியவற்றோடு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் சிலருக்கு, சோதனைகள் எல்லாம் முடிந்த பின்னரும் நாங்கள் இரண்டு நோய்களின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. “சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் உள்ளது. அது குடல் காசநோயாக இருக்கலாம், குரோன் நோயாகவும் இருக்கலாம்” என்கிறோம். இதைக் கேட்கும் குடும்பத்தார் கலங்குவது இயல்பே. இத்தனை சோதனைகள் செய்தும் நோய் இன்னதென்று தெரியவில்லையா என்று அவர்கள் கேட்கின்றனர். சிலர் அந்த ஐயத்தோடு வேறு மருத்துவமனைக்குச் சென்று அனைத்தையும் முதலிலிருந்து தொடங்குகின்றனர். வேறு சிலர் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர்.

இவ்விரு நோய்களுக்கும் உரிய சிகிச்சைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. காசநோய்க்குக் கிருமியைக் கொல்லும் மருந்து வேண்டும். குரோன் நோய்க்கு உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து வேண்டும். காசநோய் உள்ளவருக்கு எதிர்ப்பாற்றலைத் தணித்தால் கிருமி உடலெங்கும் பரவக்கூடும். குரோன் நோய் உள்ளவருக்குக் காசநோய் மருந்தையே மாதக்கணக்கில் நீட்டித்தால், அதற்குள் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே சரியான நோயைப் பிரித்தறிவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் வீணான காலம் ஆகாது. அக்காலத்தில் நோயாளியும் குடும்பத்தாரும் செய்ய வேண்டியவை எவை, செய்யக் கூடாதவை எவை என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

குரோன் நோய் என்பது யாது?

வாய் முதல் ஆசனவாய் வரையுள்ள உணவுப்பாதையின் எப்பகுதியிலும் நீடித்த அழற்சியை உண்டாக்கக்கூடிய நோய் இது. சிறுகுடல் பெருங்குடலோடு இணையும் இடத்தையே பெரும்பாலும் பற்றுகிறது. அவ்விடம் வயிற்றின் வலது கீழ்ப்புறத்தில் உள்ளது. அழற்சியானது குடலின் உட்பரப்போடு நில்லாமல் குடற்சுவரின் முழுத் தடிப்பிலும் ஊடுருவுகிறது. இதனால் நாளடைவில் குடல் தடித்துச் சுருங்குகிறது. சிலருக்குச் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துக் குடலுக்கோ, சிறுநீர்ப்பைக்கோ, தோலுக்கோ புழை உண்டாகிறது. நோயுற்ற இரு பகுதிகளுக்கு இடையே நலமான குடல் காணப்படுவதும் இதன் இயல்பு.

1913-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் கென்னடி டால்சீல் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். காசநோய் இனத்துக் கிருமிகள் அவர்களது குடலில் காணப்படவில்லை என்பதையும் அவர் குறித்தார். 1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளை ஆராய்ந்து, இது ஒரு தனி நோய் என விவரித்தனர். ஆசிரியர் பெயர்கள் அகரவரிசையில் அச்சானதால் குரோனின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. தனி நோயாக அறியப்பட்ட நாளிலிருந்தே இதைக் காசநோயிலிருந்து பிரித்தறிய வேண்டிய தேவையும் இருந்து வருகிறது.

இந்நோய்க்கு ஒற்றைக் காரணம் இல்லை. மரபு வழியாக வரும் இயல்பு, குடலில் வாழும் நுண்ணுயிர்களின் மாற்றம், உணவும் புகைப்பழக்கமும் போன்ற சூழல் காரணங்கள் ஆகியவை சேர்ந்து, உடலின் எதிர்ப்பு மண்டலத்தைத் தன் குடலையே தாக்கத் தூண்டுகின்றன. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. நோயாளியோடு ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ யாருக்கும் வராது. பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும். எனினும் குழந்தைப் பருவத்திலும் ஐம்பது வயதுக்கு மேலும் தொடங்கலாம். மேலைநாடுகளுக்கே உரியதெனக் கருதப்பட்ட இந்நோய், கடந்த சில பத்தாண்டுகளில் இந்தியாவெங்கும் அதிகமாகக் கண்டறியப்படுகிறது.

எப்போது ஐயம் கொள்ள வேண்டும்?

வயிற்றின் வலது கீழ்ப்புறத்தில் முறுக்கிப் பிடிக்கும் வலி, அதிலும் உண்ட பின் கூடும் வலி; நான்கு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு; இரவில் உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு; மலத்தில் இரத்தம்; மாலைக் காய்ச்சல்; உடல் எடைக் குறைவு; இரும்புச்சத்து மாத்திரைக்கும் சரியாகாத இரத்தசோகை ஆகியவை முதன்மையான அறிகுறிகள். குடலுக்கு வெளியிலும் இந்நோய் தலைகாட்டும். அடிக்கடி வரும் வாய்ப்புண், மூட்டுவலி, கண் சிவந்து வலித்தல், முழங்காலுக்குக் கீழே தோன்றும் சிவந்த வலிமிக்க முடிச்சுகள் ஆகியவற்றைத் தனித்தனி நோய்களாக எண்ணிப் பலர் தனித்தனி மருத்துவர்களிடம் செல்கின்றனர்.

பௌத்திரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆசனவாயின் அருகே கட்டி வந்து உடைந்து சீழ் வடிவதும், அறுவைக்குப் பின் மீண்டும் அதே இடத்திலோ வேறிடத்திலோ வாய் திறப்பதும் குரோன் நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். கூச்சத்தால் பலர் இதை வீட்டாரிடமும் சொல்வதில்லை. பௌத்திரம் மீண்டும் மீண்டும் வருபவரும், பௌத்திரத்தோடு வயிற்றுப்போக்கோ எடைக்குறைவோ உடையவரும், அடுத்த அறுவைக்கு முன் குடலைச் சோதித்துக்கொள்வது நல்லது.

குழந்தைகளிடம் வயிற்றுவலியை விட வளர்ச்சிக் குறைவே முன்னால் தெரியலாம். வகுப்புத் தோழர்கள் உயர்ந்துகொண்டிருக்க, தம் பிள்ளை இரண்டாண்டுகளாக அதே உயரத்தில் நிற்பதைப் பெற்றோர் பொருட்படுத்த வேண்டும். பூப்பெய்துதல் தள்ளிப்போவதும் இவ்வாறே கவனத்திற்குரியது.

வயிற்று உப்புசமும் மலம் கழிக்கும் முறையில் மாற்றமும் உடைய பெரும்பாலோருக்குக் குடலில் புண் எதுவும் இராது. அவர்களுக்கு இருப்பது குடல் இயக்கக் கோளாறு. அதில் எடை குறையாது, இரத்தம் போகாது, இரவில் எழுப்பாது, இரத்தசோகை வராது. இந்நான்கில் ஒன்றேனும் இருந்தால், ‘வாயு’ என்றும் ‘சூடு’ என்றும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் காலம் கடத்தலாகாது.

பிரித்தறிவது ஏன் கடினம்?

குடல் காசநோயும் சிறுகுடல், பெருங்குடல் இணையும் அதே இடத்தையே விரும்பிப் பற்றுகிறது. வலி, காய்ச்சல், மெலிவு, அடைப்பு எல்லாம் இரண்டிற்கும் பொது. திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிலும் எதிர்ப்பணுக்கள் திரண்ட சிறு முடிச்சுகள் காணப்படுகின்றன. காசநோய் மிகுந்த நம் நாட்டில் ஐயம் முதலில் காசநோயின் பக்கம் சாய்வது நியாயமே. நெஞ்சுப் படத்தில் ஒன்றும் தெரியாததால் குடலில் காசநோய் இல்லை என்று கூறவும் இயலாது. நுரையீரல் நலமாக இருக்கையிலேயே குடலில் காசநோய் இருப்பது உண்டு.

இப்புதிரை அவிழ்ப்பதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் மருத்துவர் அன்னா புலிமூட்டும் அவருடைய குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், இரு நோய்களின் திசுத் துணுக்குகளையும் ஒப்பிட்டு வேறுபாடுகளை வகுத்துக் காட்டினர். காசநோயில் முடிச்சுகள் பெரியவை, எண்ணிக்கையில் மிகுதி, ஒன்றோடொன்று இணைந்து காணப்படும், நடுவே திசு மடிந்து பாலாடைக்கட்டி போல் ஆகியிருக்கலாம். குரோன் நோயில் அவை சிறியவை, அரிதானவை, தனித்தனியே நிற்பவை. மேலும், கண்ணுக்கு நலமாகத் தோன்றும் இடத்திலிருந்து எடுத்த துணுக்கிலும் அழற்சி காணப்படுவது குரோன் நோயைச் சுட்டும். இதனாலேயே புண் உள்ள இடத்திலிருந்து மட்டுமன்றி, நலமாகத் தெரியும் இடங்களிலிருந்தும் நாங்கள் துணுக்குகள் எடுக்கிறோம். “எதற்காக இத்தனை இடங்களில் சதை எடுத்தார்கள்?” என்று கேட்போருக்கு இதுவே விடை. இத்துணுக்குகள் அரிசிமணியை விடச் சிறியவை. எடுக்கும்போது வலி தெரியாது.

என்னென்ன சோதனைகள்?

முதற்படி எளிய இரத்த, மலச் சோதனைகள். இரத்தசோகை, அழற்சியின் அளவு, புரதம், வைட்டமின் பி12 ஆகியவை இரத்தத்தில் தெரியும். மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தின் அளவு கூடியிருந்தால் குடலில் அழற்சி உள்ளதெனக் கொள்ளலாம். அது குரோன் நோயா, காசநோயா என்பதை இச்சோதனை சொல்லாது. எனினும் குடல் இயக்கக் கோளாற்றிலிருந்து பிரித்தறியவும், பின்னர்ச் சிகிச்சையின் பலனை அளக்கவும் உதவும்.

அடுத்தது கொலோனோஸ்கோப்பி. பெருங்குடல் முழுவதையும் கடந்து சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை உள்நோக்கிக் குழாயைச் செலுத்திப் பார்க்கிறோம். குடலைச் சுற்றி வளையமாக அமைந்த புண், வாய் திறந்தே கிடக்கும் இணைப்பு வால்வு ஆகியவை காசநோயைச் சுட்டுகின்றன. குடலின் நீளவாக்கில் ஓடும் புண், கூழாங்கற்கள் பதித்தது போன்ற பரப்பு, இடையிடையே நலமான குடல், ஆசனவாய் நோய் ஆகியவை குரோன் நோயைச் சுட்டுகின்றன. இவை சாய்வுகளே, முடிவான சான்றுகள் அல்ல.

குழாய் எட்டாத சிறுகுடலைக் காண சிடி அல்லது எம்ஆர்ஐ எடுக்கிறோம். வயிற்றில் நீர் கோத்திருப்பதும், நடுப்பகுதி மடிந்த பெரிய நெறிக்கட்டிகள் இருப்பதும் காசநோயை நோக்கி வழிகாட்டும். சிறுகுடலில் பல இடங்களில் விட்டுவிட்டுச் சுவர் தடித்திருப்பது குரோன் நோயை நோக்கி வழிகாட்டும்.

திசுத் துணுக்கில் காசநோய்க் கிருமியைத் தேடும் சோதனைகளும் உண்டு. ஜீன்எக்ஸ்பர்ட் சில மணி நேரத்தில் முடிவு தரும். கிருமி வளர்ப்புச் சோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகலாம். இவற்றில் கிருமி கிடைத்தால் ஐயம் தீர்ந்தது. குடல் திசுவில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருப்பதால், காசநோய் உள்ள பலருக்கும் இவை ‘இல்லை’ என்றே வரும். எனவே ‘இல்லை’ என்ற முடிவைக் கொண்டு காசநோயை விலக்கிவிட முடியாது. கையில் ஊசியிட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையும் இதைத் தீர்ப்பதில்லை. கிருமி உடலில் உறங்கிக் கிடக்கும் நிலை நம் நாட்டில் பலருக்கு உண்டு. அவர்களுக்கும் அச்சோதனை ‘உண்டு’ என்றே காட்டும்.

காசநோய் மருந்து தொடங்கினால்: இரண்டாம் மாதம் தவறாதீர்

எல்லாச் சோதனைகளுக்குப் பின்னும் ஐயம் நீடித்தால், பெரும்பாலும் முதலில் காசநோய் மருந்தைத் தொடங்குகிறோம். காரணம் எளிது: காசநோய் முற்றிலும் குணமாகும் நோய், அதைக் கவனியாமல் எதிர்ப்பாற்றலைத் தணித்தால் நேரும் தீங்கு பெரிது. ஆயினும் இம்மருந்து தொடங்கப்பட்டதால் நோய் காசநோய் என்று உறுதியாகிவிட்டதாகக் கொள்ளலாகாது. இங்கே மருந்தும் ஒரு சோதனைதான். மருந்துக்குக் குடல் எவ்வாறு இணங்குகிறது என்பதைப் பார்த்தே நோயின் பெயரை முடிவு செய்கிறோம்.

ஆகவே இரண்டு முதல் மூன்று மாதங்களுக்குள் மீண்டும் வந்து பார்ப்பது இன்றியமையாதது. அப்போது எடை, இரத்தச் சோதனை, கால்புரோடெக்டின் ஆகியவற்றோடு, தேவைப்படின் மீண்டும் கொலோனோஸ்கோப்பி செய்கிறோம். காசநோயாக இருந்தால் இக்காலத்திற்குள் புண்கள் பெரும்பாலும் ஆறியிருக்கும் அல்லது ஆறிக்கொண்டிருக்கும். பின்னர் ஆறு மாதச் சிகிச்சையை நிறைவு செய்தால் போதும். புண்கள் அப்படியே இருந்தால் குரோன் நோயை எண்ண வேண்டும்; மருந்துக்கு அடங்காத காசநோயோ என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே பலர் தடுமாறுகின்றனர். மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, எடையும் சற்றுக் கூடுகிறது. “சரியாகிவிட்டதே, மீண்டும் குழாய்விட்டுப் பார்ப்பானேன்?” என்று எண்ணி வராமல் இருந்துவிடுகின்றனர். குரோன் நோயாளிகளில் சிலரும் காசநோய் மருந்தால் தற்காலிகமாக நலமடைந்ததாக உணர்வது உண்டு. அவர்களின் குடலுக்குள் புண் ஆறியிராது. நலமாக உணர்வது வேறு, குடல் ஆறுவது வேறு. முதலாவதை நோயாளியே அறிவார். இரண்டாவதைப் பார்த்தால்தான் அறிய முடியும்.

மற்றொரு தவறு மருந்தை நீட்டிப்பது. ஆறு மாதம் முடிந்தும் வலி தீரவில்லை எனில், அதே மருந்தை ஒன்பது மாதம், ஒன்றரை ஆண்டு எனத் தொடர்வோரைக் காண்கிறோம். வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து, பழைய பன்னிரண்டு மாத மருந்துக்கு இணையான பலன் தருகிறது என்பதைச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் 1997-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆறு மாதத்தில் ஆறாத குடலுக்கு வேண்டியது நோயைப் பற்றிய மறு ஆய்வு. மறு ஆய்வின்றி இரண்டாம் முறை, மூன்றாம் முறை காசநோய் மருந்து உண்ண வேண்டாம்.

மருந்து உண்ணும் காலத்தில் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவது இயல்பு. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, பார்வை மங்குதல் ஆகியவை ஏற்பட்டால் அன்றே வர வேண்டும். கருத்தடை மாத்திரையின் பலனை இம்மருந்து குறைக்கும் என்பதையும் பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

குரோன் நோய் உறுதியானால்

குரோன் நோயை வேரோடு நீக்கும் மருந்து இன்று இல்லை. ஆனால் நோயைத் தணித்து, ஆண்டுக்கணக்கில் தணிந்த நிலையிலேயே வைத்திருக்க முடியும். படிக்கவும், வேலை செய்யவும், மணம் புரிந்து பிள்ளை பெறவும் இந்நோய் பொதுவாகத் தடையில்லை.

எரியும் அழற்சியை விரைந்து தணிக்க ஸ்டீராய்டு மருந்து தருகிறோம். அது சில வாரங்களுக்கு உரியது. நீண்டகாலம் உண்டால் எலும்பு தேய்தல், நீரிழிவு, கண்புரை, தொற்று ஆகியவை வரும். உடல் தேறுகிறது, பசி எடுக்கிறது என்பதற்காகப் பழைய சீட்டைக் காட்டித் தாமே வாங்கி உண்பது தீங்கானது. திடீரென நிறுத்துவதும் தீங்கே. மருத்துவர் சொல்லும் வரிசையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நோய் தணிந்த நிலையைக் காக்க அசதியோபிரின், மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் உதவுகின்றன. அசதியோபிரின் பலன் தர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஆசிய மக்களில் சிலருக்கு மரபுக்கூறு ஒன்றின் காரணமாக, குறைந்த அளவிலும் இம்மருந்து வெள்ளணுக்களை வெகுவாகக் குறைத்துவிடும். 2014-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் அம்மரபுக்கூற்றைக் கண்டறிந்தனர். எனவே தொடக்க வாரங்களில் அடிக்கடி இரத்தச் சோதனை செய்யச் சொல்கிறோம். மருந்து தொடங்கிய சில வாரங்களில் முடி கொத்தாக உதிர்ந்தாலோ, காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் வந்தாலோ, மருந்தை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும்.

இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் ஆகிய உயிரியல் மருந்துகள் கடும் நோய்க்கும் பௌத்திரத்துக்கும் நல்ல பலன் தருகின்றன. முன்னது நரம்பின் வழியே முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம் எனத் தொடங்கி, பின்னர் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தப்படுகிறது. பின்னதைத் தோலுக்கடியில் இரு வாரங்களுக்கு ஒருமுறை போடுகிறோம். உறங்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடும் ஆற்றல் இம்மருந்துகளுக்கு உண்டு. ஆகவே இவற்றைத் தொடங்குமுன் நெஞ்சுப் படம், மாண்டூ அல்லது இரத்தச் சோதனை, மஞ்சள்காமாலை பி வகைச் சோதனை ஆகியவற்றைத் தவறாமல் செய்கிறோம். மருந்து தொடங்கிய பின் இருமலோ மாலைக் காய்ச்சலோ வந்தால் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

குடல் சுருங்கி அடைத்தாலோ, துளைத்துச் சீழ் கட்டினாலோ அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். அறுவைக்குப் பின்னும் இணைத்த இடத்தில் நோய் மீண்டும் தோன்றக்கூடும். ‘வெட்டி எடுத்தாயிற்று, இனி மருந்து வேண்டாம்’ என்று எண்ணலாகாது.

பெண்கள் கருவுற எண்ணும்போது முன்கூட்டியே எங்களிடம் சொல்ல வேண்டும். மெதோட்ரெக்சேட் கருவுக்குத் தீங்கு செய்வதால் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். மற்ற மருந்துகள் பெரும்பாலானவற்றைத் தொடரலாம். நோய் தணிந்திருக்கும் காலத்தில் கருவுறுவதே தாய்க்கும் சேய்க்கும் நல்லது. கருவுற்ற காலத்தில் இன்ஃப்ளிக்சிமாப் அல்லது அடலிமுமாப் பெற்ற தாய், பிரசவ அறையில் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். குழந்தை பிறந்தவுடன் போடும் பிசிஜி தடுப்பூசியைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

பட்டாசுத் தொழிலில் உள்ளோர் கவனத்திற்கு

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வரும் நோயாளிகள் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி, “பட்டாசு மருந்து வயிற்றுக்குள் போனதால் இந்தப் புண் வந்ததா?” என்பது. பட்டாசு வேதிப்பொருள்கள் குரோன் நோயை உண்டாக்குவதாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆயினும் அவை நஞ்சுத்தன்மை உடையவை. சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிய பின்பே உண்ண வேண்டும் என்னும் விதி எல்லாத் தொழிலாளர்க்கும் பொருந்தும்.

உறுதியாகத் தெரிந்த தீங்குகள் வேறு. நாள் முழுதும் தரையில் அமர்ந்து செய்யும் வேலையால் முதுகுவலியும் மூட்டுவலியும் வருகின்றன. அதற்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி உண்பது பலருக்குப் பழக்கம். இவை தாமே சிறுகுடலில் புண் உண்டாக்கும். தணிந்திருக்கும் குரோன் நோயையும் கிளறிவிடக்கூடும். நோயாளிகள் பாராசிட்டமாலை மட்டும், அதுவும் சொன்ன அளவில் உண்ணலாம். உண்ணும் வலி மாத்திரைகளின் அட்டையை முதல் வருகையிலேயே எங்களிடம் காட்டுங்கள்.

ஆலைக்குள் புகைப்பதற்குத் தடை உண்டு. வெளியே வந்ததும் பற்றவைக்கும் பீடியும் சிகரெட்டும் குரோன் நோயை முற்றச் செய்கின்றன. அறுவைக்குப் பின் நோய் மீளும் வாய்ப்பையும் கூட்டுகின்றன. புகையை விடுவது, இந்நோயாளி தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடிய மிகப் பெரிய மருத்துவம்.

வெயில் காலத்தில் வெப்பம் மிகுந்த அறையில் வேலை செய்வோருக்கு, வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் உடல்நீர் விரைவில் வற்றும். அடிக்கடி கழிப்பறைக்குச் செல்ல நேருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், உண்டு. உப்புச் சர்க்கரைக் கரைசலையோ உப்பிட்ட மோரையோ கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். கழிப்பறை செல்வதற்கு இசைவு தருமாறு வேலையிடத்துக்கு மருத்துவச் சான்று வேண்டுமாயின் தருகிறோம்.

ஸ்டீராய்டு உண்பவர் அதன் பெயரையும் அளவையும் எழுதிய சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். தீக்காயமோ விபத்தோ நேர்ந்தால், சிகிச்சை தரும் மருத்துவர் அதை உடனே அறிய வேண்டும். நீண்ட நாள் ஸ்டீராய்டு உண்டவரின் உடல், விபத்தின் அதிர்ச்சியைத் தாங்கத் தேவையான சுரப்பைத் தானே சுரக்க இயலாத நிலையில் இருக்கலாம்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை மிகுதி. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. “தீபாவளி முடியட்டும், வருகிறேன்” என்று தள்ளிப்போடுவதன் காரணத்தை நாங்கள் அறிவோம். இரண்டாம் மாதச் சோதனை அக்காலத்தில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரத்தச் சோதனையையும் கொலோனோஸ்கோப்பியையும் ஒரே நாளில் முடித்துத் தர முயல்வோம்.

உணவு

நோயைத் தீர்க்கும் தனி உணவும் இல்லை. நோயை உண்டாக்கும் ஒற்றை உணவும் இல்லை. பத்தியம் என்ற பெயரில் கஞ்சியை மட்டுமே குடித்து மெலிவதுதான் நாங்கள் காணும் பெரிய தீங்கு. நோய் மிகுந்துள்ளபோதும், குடல் சுருங்கியுள்ளபோதும் சக்கை மிகுந்தவற்றை விலக்க வேண்டும். வாழைத்தண்டு, முருங்கைக்காய், கீரைத்தண்டு, மக்காச்சோளம், கொய்யா விதை, முழு நிலக்கடலை ஆகியவை சுருங்கிய இடத்தில் சிக்கிக்கொள்ளும். குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், வேகவைத்த பாசிப்பருப்பு, முட்டை, மீன், தோல் நீக்கிய பழம் ஆகியவை ஏற்றவை. நோய் தணிந்த பின் கம்பங்கூழும் காய்கறிகளும் படிப்படியாகச் சேரலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர் தயிரும் மோரும் உண்ணலாம். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவும் சாத்தூர்க் காராச்சேவும் அன்றாட உணவாகாமல் எப்போதாவது சிறிதளவோடு நிற்கட்டும். காய்ச்சாத பாலை ஒருபோதும் குடிக்க வேண்டாம்; காசநோய்க் கிருமி அதன் வழியாகவும் வரலாம்.

உட்பொருள் தெரியாத பொடிகளையும் லேகியங்களையும் தவிர்க்க வேண்டும். இத்தகையவற்றுள் சிலவற்றில் உலோகங்களும் ஸ்டீராய்டும் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. குடல் சுருங்கியவர் பேதி மருந்து உண்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

செலவும் உதவியும்

காசநோய் மருந்தும் சோதனைகளும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். நோயாளியின் பெயர் பதிவானால், ஊட்ட உணவுக்காக மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசிடமிருந்து வங்கிக் கணக்கில் சேரும். 2024 நவம்பர் வரை அது 500 ரூபாயாக இருந்தது. குரோன் நோய்க்கான உயிரியல் மருந்துகள் விலை மிகுந்தவை. எனினும் இந்திய நிறுவனங்கள் அவற்றுக்கு இணையான மருந்துகளைத் தயாரிப்பதால் விலை முன்பை விடக் குறைந்துள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளோரும், தொழிலாளர் ஈட்டுறுதி அட்டை உள்ளோரும் சிகிச்சை தொடங்குமுன்பே உரிய பிரிவில் விசாரிப்பது நல்லது. 2022-இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியையும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையையும் நம் மாவட்டத்தார் எளிதில் அணுகலாம்.

எங்குச் சென்றாலும் கோப்பை உடன் எடுத்துச் செல்லுங்கள். கொலோனோஸ்கோப்பிப் படங்கள், சிடி குறுந்தகடு, திசு அறிக்கை, காசநோய் மருந்து தொடங்கிய தேதி, ஒவ்வொரு மாதமும் எடுத்த எடை ஆகியவை அதில் இருக்கட்டும். திசுத் துணுக்கின் கண்ணாடித் தகடுகளைக் கேட்டுப் பெறலாம். அவற்றை மற்றொரு நிபுணர் மீண்டும் பார்ப்பதாலேயே நோய் தெளிவாவது உண்டு. குழாய்ச் சோதனையை மறுமுறை செய்ய வேண்டிய தேவையும் குறையும்.

உடனே வர வேண்டிய நிலைகள்

வயிறு உப்பி, வாந்தியெடுத்து, மலமும் காற்றும் வெளியேறாமல் இருத்தல். காய்ச்சலோடு கூடிய கடும் வயிற்றுவலி. மலத்தில் மிகுதியான இரத்தம். ஆசனவாயருகே வலியோடு வீங்கும் கட்டி. சிறுநீர் குறைந்து தலைசுற்றல். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், அடுத்த புறநோயாளர் நாள் வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

அவசரம் ஏதும் இல்லாதவர்கள், மருந்து தொடங்கிய நாளையும் அதிலிருந்து இரண்டு மாதம் கழித்து வரும் நாளையும் நாட்காட்டியில் இன்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உடல் தேறியிருந்தாலும், தேறாவிட்டாலும், அந்நாளில் வாருங்கள்.